கொக்கின் வாரிசு

பூமியில் மனிதன் உட்காரக்கூடிய மிகப் பத்திரமான இடம் அபயம் ஏர்வேஸ் விமானத்தின் இருக்கைதான். தாய்மடிகூட அதற்கு அப்புறம்தான். தாய்மடியில் பெல்ட் கிடையாது. அப்பேர்ப்பட்ட விமானம் ஒன்று போன தை மாதம், வில்லியனூருக்கு மேலே, இடது எஞ்சினில் 'லேசாக' நெருப்பைக் கக்கியபடி வந்து புதுச்சேரியில் இறங்கியது. எழுபது பேரும் உயிரோடு இறங்கினார்கள். நிறுவனம் இதைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

எஞ்சினைச் சந்தேகப்படுவது பெரிய மனிதர்களுக்கு அழகல்ல. ஆகவே நிறுவனம் அமைத்த விசாரணைக் குழு பறவையைத் தேடியது. முதலில் பறவைகள் கூடும் ஊசுட்டேரிக்கே நோட்டீஸ் அனுப்புவதாக உத்தேசம். கையெழுத்துப் போட்டு வாங்க அங்கே ஆளில்லை. அப்புறம்தான் வில்லியனூர்க் காசம்மாளின் நெல்வயலில் செத்துக் கிடந்த கொக்கு கண்ணில் பட்டது.

"இந்தக் கொக்கு யாருதும்மா?" என்றார் குழுத் தலைவர் ஆதிமூலம்.

காசம்மாள் அரை நொடிதான் யோசித்தாள். பஸ்ஸில் அடிபட்ட ஆட்டுக்கும் கோழிக்கும் ஊரில் இப்படித்தான் வந்து கேட்டு நஷ்டஈடு கொடுப்பார்கள். 'தெரியாது' என்றவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதோடு, அவள் மகன் கலைச்செல்வன் பி.இ. முடித்துவிட்டு நாலு வருஷமாக வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"ஐயோ, என் ராசா!" என்று கொக்கை மடியில் போட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "எங்க வூட்டுக் கொக்குதாங்க! இத நம்பித்தான் குடும்பமே இருந்துச்சு!"

"கொக்கு இன்னாம்மா சம்பாதிச்சுது?"

"வயல்ல பூச்சி புடிச்சுதே, அது போதாதா? சம்பாதிச்ச றெக்க போச்சே! எம் புள்ளைக்குக் கருணை அடிப்படையில வேல போட்டுக் குடுங்கய்யா!"

குழு முகம் மலர்ந்தது. 'விபத்துக்குக் காரணம்: கொக்கு. காப்பாளர்: காசம்மாள்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு மனசாரப் பழியை ஏற்ற குடும்பத்தைக் கைவிட நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. பத்தே நாளில் கலைச்செல்வனுக்கு ஆர்டர் வந்தது: 'பறவைத் தடுப்பு அலுவலர்.' ஓடுபாதை ஓரம் நின்று தகரம் தட்டும் பணி. காசம்மாள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

பையன் இன்ஜினியர் அல்லவா? தட்டினான் பாருங்கள் தகரம், அடேயப்பா! கொக்கு, கழுகு, காக்கை எதுவும் வானத்தில் தலைகாட்டவில்லை. அரியாங்குப்பம்வரை அமாவாசைச் சோறு காக்கை தொடாமல் காய்ந்து போயிற்று.

அப்படித் துடைத்துவிட்ட வானத்தில், போன செவ்வாய்க்கிழமை, அதே விமானத்தின் அதே எஞ்சின் மறுபடியும் நெருப்பைக் கக்கியது.

அன்று சாயங்காலமே கலைச்செல்வனின் சீட்டு கிழிந்தது. காசம்மாள் ஆட்டோ பிடித்துப் போய் ஆதிமூலத்தின் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒரு குருவிகூட இல்லியேய்யா வானத்துல! எம் புள்ள இன்னா தப்பு பண்ணான்?"

"அதாம்மா தப்பு," என்றார் ஆதிமூலம், உண்மையான வருத்தத்தோடு. "ஒண்ணையாவது வுட்டு வெச்சிருக்கணும். இப்ப நாங்க யாரு மேல எழுதறது?"

"அந்த இஞ்சினத் தொறந்து பாத்து எழுதுங்களேன்!"

ஆதிமூலம் பதறியடித்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. தொறந்து பாத்துட்டா, அப்புறம் எவன் அதுல ஏறுவான்?"