சாம்பிள் அண்ணாச்சியும் சர்க்கார் காசும்

இன்றைக்கு என்ன கிழமை என்பதைக் காலண்டரைப் பார்த்து நம்பாமல், தெருவில் போகிற ரெண்டு பேரிடம் விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் விருதுநகர் சாம்பிள் அண்ணாச்சி. இதில் விசேஷம் என்னவென்றால், அந்தக் காலண்டரை அச்சடித்து ஊர் ஊராக லோடு அனுப்பியதே அவருடைய பிரஸ்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாலிபத்தில் அவர் வெளியூர் வியாபாரிகளுக்காகப் பட்டாசு தரம் பார்த்துக் கொடுக்கிற வேலை செய்தார். சீசன் நேரத்தில் சிவகாசிப் பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போவார். முதலாளி சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டும் பொட்டலத்தைத் தொடவே மாட்டார். அடுக்கின் நடுவே கையை விட்டு ஒன்றை உருவுவார். அதை ஆளில்லாத பொட்டல்வெளிக்குக் கொண்டுபோய்த் திரியில் நெருப்பு வைப்பார். வெடித்தால் "பத்திக்கிச்சு" என்பார். வெடிக்காவிட்டால் எதுவும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்.

"மேல இருக்கறத எவனும் நல்லாத்தாம்லே அடுக்குவான். அடியில இருக்கறதும் அப்படித்தான், எவனாவது கவுத்திப் பாப்பான்னு பயம் இருக்கும். நடுவுலதான் நிசம் இருக்கும்" என்பது அவர் சித்தாந்தம்.

அந்தத் தொழிலை விட்டு பிரஸ் ஆரம்பித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எண்ணெய் பரோட்டாக் கடையில் அடுக்கின் நடுவிலிருந்து உருவித்தான் போட வேண்டும். மாஸ்டர் வாய்க்குள் திட்டிக்கொண்டே உருவுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எல்லாரும் நல்ல நாள் குறித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய் நின்றார். மாப்பிள்ளை தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவானது.

இவருடைய பிரஸ்ஸுக்கு மாடியில்தான் எங்கள் வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாம் எடுப்போம். நான் கேமரா. எடிட்டிங் செய்கிற செல்விக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவளுடைய அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். யாரோ ஒரு மாப்பிள்ளையின் தலைக்கு மேலே பூ விழுகிற மாதிரி எடிட் செய்துகொண்டே, மனசுக்குள் செல்வி வேறு ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் பெண்களை ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கிவிடும் கம்பெனி வேனைப் பற்றி ஆறு பாகத்தில் ஒரு வெப் சீரிஸ். ஊர்ப் பெண்களே நடிக்க வேண்டும், அம்மா உட்பட. அவளுக்கு வேறு ஆசையே இல்லை. வந்த ரெண்டு மாப்பிள்ளைகளையும் அதற்காகவே திருப்பி அனுப்பியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டிவிக்கும் ஓடிடிக்கும் தொடர் எடுப்பவர்களுக்கு அரசாங்கம் உதவி நிதி கொடுக்கிறது என்ற செய்தி எங்கள் காதுக்கு எட்டியது. கதையை வளர்த்தெடுக்க முதல் தவணை, படம் எடுக்க ரெண்டாம் தவணை. ஒரே ஒரு நிபந்தனை, பதிவு செய்த கம்பெனி ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பதிவு செய்த கம்பெனி சாம்பிள் அண்ணாச்சியுடையது ஒன்றுதான். நானும் செல்வியும் கீழே இறங்கிப் போய் நின்றோம்.

"கவர்மெண்டு எதுக்கும்மா நமக்குக் காசு குடுக்கணும்?"

"படம் எடுக்கத்தான் அண்ணாச்சி."

"அதான் கேக்கேன். இம்புட்டு நாளா நம்மகிட்ட வாங்குறவுக திடீர்னு குடுக்க வந்தா ஒனக்குப் பயமா இல்லையா?"

"மொதல்ல கதைய வளக்கக் குடுக்காகளாம்."

"ஆடு வளக்கக் குடுப்பாக, மாடு வளக்கக் குடுப்பாக. கதை என்னத்தத் திங்கும்?"

"திருப்பித் தர வேண்டாமாம் அண்ணாச்சி" என்று நான் குறுக்கே புகுந்தேன். அது பெரிய தப்பு. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தியாலே! திருப்பிக் கேக்கறவன நம்பலாம். வேண்டாங்கறவன் வேற எதையோ எடுக்க வந்திருக்கான்."

அதற்கப்புறம் அவருடைய விசாரணை ஆரம்பமானது. சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டீக்கடைக்காரரிடம் கேட்டார். ஆபீசுக்குள் போய்க் கேட்டால் மேலே அடுக்கியதைத்தான் காட்டுவார்களாம். பிறகு, முன்னால் இந்த நிதி வாங்கிய ஒருவர் மதுரையில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அவர் வீட்டில் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்து செல்வியிடம் அறிக்கை சமர்ப்பித்தார்.

"காசு வந்தது நிசந்தான். ஆளு உசுரோட இருக்கான். ஆனா மெலிஞ்சிருக்கான். எதுக்கும் நீ நல்லாச் சாப்பிட்டுக்க."

கையெழுத்துப் போட்டார். முதல் தவணை வந்தது. செல்வி ஆறு பாகத்தையும் எழுதி அனுப்பினாள். அண்ணாச்சியின் சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. தூண்டிலில் முதலில் புழுதான் வரும் என்று என் காதில் சொன்னார்.

இந்த இடத்தில், கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சாம்பிள் அண்ணாச்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்கிற தைரியத்தில்தான் நான் மாடியில் கடை நடத்துகிறேன். இதை ஏன் இங்கே செருகினேன் என்று கேட்காதீர்கள்.

ரெண்டாம் தவணைக்கு முன்னால் சென்னையிலிருந்து தேர்வுக் குழுவில் ரெண்டு பேர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. படம் எடுக்கப்போகிற ஊரைப் பார்க்க வேண்டும், நடிக்கப்போகிற பெண்களோடு பேச வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் படம் உண்டு, இல்லாவிட்டால் செல்வி ஆயுசுக்கும் கல்யாண வீடியோவில் பூத் தூவ வேண்டியதுதான். ஊரே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாரானது. கம்பெனி வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சால்வையும் கையுமாக, ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டு டீக்கடையில் நின்று வரவேற்கும் பொறுப்பு அண்ணாச்சிக்கு. அந்த யோசனை யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. சில வீடுகளில் பெண்கள் உட்கார்ந்தபடியே ஏதாவது பட்டாசு வேலை பார்ப்பார்கள். அதற்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது. அதிகாரி வண்டி தென்பட்டால், பார்த்தவர் ஊருக்குள் போன் போட்டு "சம்பந்தி வாராக" என்பார். அவ்வளவுதான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊர் காலியாகிவிடும்.

குழு சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டது. அரசாங்க எழுத்துப் போட்ட வெள்ளை ஜீப். முன் சீட்டிலிருந்து அட்டையும் பேனாவுமாக ஒருவர் இறங்கி, சால்வையோடு நின்ற அண்ணாச்சியிடமே கேட்டார்.

"சார், பட்டாசு வேலை செய்யற லேடீஸ் வீடெல்லாம் எந்தப் பக்கம்?"

அண்ணாச்சி சால்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிழக்கே கையைக் காட்டினார். ஊர் இருப்பது மேற்கே. ஜீப் கிழக்கே போனதும் போனை எடுத்தார்.

ஜீப் சுற்றி அலைந்து ஊருக்குள் வந்தபோது, தெருவில் நானும் செல்வியும் ஒரு ஆடும் மட்டும் நின்றிருந்தோம். எல்லாக் கதவிலும் பூட்டு. ஒரு வீட்டு வாசல் அடுப்பில் சோறு தானாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைகள் அத்தனையும் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டன. சந்தனம் வைத்த வேன், விஷயம் கேள்விப்பட்ட டிரைவரோடு ரொம்ப தூரம் தள்ளி மல்லாங்கிணறு ஊருக்குப் போய்த்தான் நின்றதாம்.

குழுவில் வந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தெருவைப் பார்த்தார். "நடிக்கிறவங்க எல்லாம் எங்கேம்மா?"

செல்வி தன் வீட்டுப் பூட்டைப் பிடித்து ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. அட்டைக்காரர் எதையோ எழுத ஆரம்பித்தார். அப்போது சாவகாசமாக நடந்து வந்து சேர்ந்தார் அண்ணாச்சி.

"போன் போட்டீகளா அண்ணாச்சி?" என்றாள் செல்வி.

"நெம்பரு, எழுத்து, அட்டை எல்லாம் சோதனைக்கு வாரவுக வண்டி மாதிரியே இருக்கு. பின்ன என்னத்தச் செய்ய?"

"நமக்குக் குடுக்க வந்தவுக அண்ணாச்சி! எங்கம்மாவும் இப்ப முள்ளுக்குள்ள கெடக்கு. எம் படமே போச்சு!" என்று செல்வி வாய்விட்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணாச்சியும் பார்த்ததில்லை போலிருக்கிறது, கொஞ்சம் ஆடிப்போனார். ஆனாலும் பழக்கம் விடுமா? நேராக அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நீங்க நெசமாவே படத்துக்கு வந்தவுகதானா?"

"ஆமாங்க."

"மொதப் பாகத்த எல்லாரும் படிச்சிருப்பாக. கடைசியும் பொரட்டியிருப்பாக. நாலாவது பாகத்துல என்ன வருது? சொல்லுங்க பாப்போம்."

பணம் கொடுக்க வந்தவருக்கே பரீட்சை! அந்த அம்மாள் கோபப்படவில்லை. அட்டைக்காரர் எடுத்து நீட்டிய கதைக் காகிதத்தையும் வாங்கவில்லை.

"நாலாவதுல வேன் ரிப்பேர் ஆகி எல்லாரும் லேட்டா வீட்டுக்குப் போறாங்க. ஒரு பொண்ணு வாசலுக்கு வரும்போதே அவளோட குழந்தை ஓடி வருது. அவ கையெல்லாம் வெடிமருந்து. குழந்தை மேல பட்டுடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் இப்படித் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிறா. குழந்தை காலைக் கட்டிக்குது. யாராவது தண்ணி கொண்டாங்கன்னு கத்துறா." சொல்லும்போதே அவருடைய ரெண்டு கைகளும் மேலே போயிருந்தன. "அந்த இடத்தைப் படிச்சுட்டுத்தாங்க நான் இந்த ஊரைப் பார்க்கணும்னு வந்தேன்."

அந்த அம்மாள் தூக்கிய கைகளையே அண்ணாச்சி பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஏ, சம்பந்தி இல்ல. நம்ம வீட்டு ஆளுகதான். வெளிய வாங்க." எங்கள் பக்கம் திரும்பி, "நடுவுல உருவிப் பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றார்.

கருவேலங்காட்டிலிருந்து தலையில் முள்ளும் புடவையில் கிழிசலுமாகப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தது செல்வியின் அம்மா. வந்ததும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி, புதுச் சேலைக்கு யாரு பதில் சொல்லுறது?" குழுவில் வந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அட்டைக்காரரும் பேனாவை மூடிவிட்டார். அண்ணாச்சி அக்குளில் கசங்கிப்போன சால்வையை எடுத்து உதறி அந்த அம்மாளுக்குப் போர்த்தினார்.

ரெண்டாம் தவணை வந்தது, படம் வளர்ந்தது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடித்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினோம். அண்ணாச்சி எந்தப் பாகத்தைக் கேட்பார் என்று எங்களுக்குத் தெரியாதா? நாலாவது பாகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு செல்வி காத்திருந்தாள். அவர் வந்தார், நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாலாவது போடட்டுமா அண்ணாச்சி?"

"எதுக்கு?" என்றார். "நீ எடுத்ததுதானம்மா. மொதல்ல இருந்தே போடு."

செல்வி பட்டனைத் தேடினாள். கடைசிப் பாகம் முடியும்வரை அவர் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போகும்போது அவள் தலையில் கையை வைத்து, "பத்திக்கிச்சு" என்றார்.

'மொதல்ல இருந்தே' என்கிற அந்த யோகம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. இந்தப் பத்திரிகை கைக்கு வந்ததும் அண்ணாச்சி என் கட்டுரையை நடுவிலிருந்துதான் உருவிப் படிப்பார். அதனால்தான் அவரிடம் நேரில் சொல்ல வாய் வராததை அந்த நடுவிலேயே செருகி வைத்திருக்கிறேன்.