ஐந்தாவது காலுக்கு அனுமதி இல்லை

வீட்டில் ஒரு படத்தை மாட்டி, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது அவரவர் சொந்த விஷயம் என்று அந்த ஊர் மக்கள் வெகுகாலமாக நம்பி வந்தார்கள். அந்த அறியாமையைப் போக்குவதற்காக நகராட்சியில் 'இல்லப் பழம்பொருள் ரசனைப் பிரிவு' தொடங்கப்பட்டது. பிரிவுக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி, எட்டுப் பக்க விதிமுறைப் புத்தகம், ஒரு ரசனை ஆய்வாளர். மின்விசிறி சுற்றாது. மற்ற மூன்றும் நன்றாகவே வேலை செய்தன.

காரணம் இல்லாமல் எந்தப் பிரிவும் பிறப்பதில்லை. ஊரில் அப்போது பழைய சாமான் மோகம் தலைக்கேறியிருந்தது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டதையெல்லாம் ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்து, கூடத்தில் வைத்து விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் இப்படிக் கேட்பாரற்று ரசித்துக்கொண்டிருப்பதை ஒரு நிர்வாகம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்? முதல் விதி சுருக்கமாகச் சொன்னது: 'குடிமக்கள் விரும்பி வைத்திருக்கும் பழைய படங்கள், பொருட்கள் யாவும் பதிவு செய்யப்பட வேண்டும். விரும்புவதற்கான காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். காரணம் ஏற்புடையதாக இல்லையெனில் விருப்பம் ரத்து செய்யப்பட்டு, பொருள் எடுத்துச் செல்லப்படும்.'

இந்த விதியில் வந்து மாட்டிக்கொண்டவள் டோக்கனக்கா. பல் மருத்துவமனை வாசலில் டோக்கன் கொடுத்து, எண் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. பதினேழு வருஷமாக அதே நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகங்கள்தான் அவளுக்குக் காட்சி. பல் வலிக்காரன் எவனும் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பழைய சாமான் கடையில், ஒரு கதவு நிலைக்குப் பின்னால் தூசி மண்டிக் கிடந்த படத்தை இழுத்துப் பார்த்தாள். ஒரு ஆடு. யாரோ கொடியில் காயப் போட்ட சட்டையை மென்றுகொண்டிருந்தது. முகத்தில் குற்ற உணர்ச்சி கடுகளவும் இல்லை. சட்டை கொஞ்சம் உப்புக் கம்மி என்கிற யோசனைதான் தெரிந்தது. முன்னால் மூன்று கால், பின்னால் இரண்டு கால். வரைந்தவர் நடுவில் எழுந்து சாப்பிடப் போயிருப்பார், வந்து எத்தனை போட்டோம் என்பதை மறந்திருப்பார். டோக்கனக்கா சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கே அது வீட்டுக்கு வந்து, வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஏறியது. தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருக்கும் அவள் கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஆளு நம்மள விடத் தெளிவா இருக்கே" என்றார். அதோடு அது குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது.

விஷயத்தை வெளியே கொண்டுபோனது நாத்தனார். போன வருஷம் சுவர் வெறுமையாக இருப்பதுதான் அழகு என்று யாரோ சொல்லி, நாற்காலியைக்கூடக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள். இந்த வருஷம் அவள் கூடத்தில் தைக்காத தையல் மெஷின், பாடாத ரேடியோ, அடிக்காத டெலிபோன். ஓடுகிற கடிகாரம் ஒன்று இருந்தது; பொருத்தமாக இல்லையென்று அதையும் நிறுத்திவிட்டாள். 'பதிவு பெற்ற ரசனை இல்லம்' என்ற பலகை அவள் வாசலில்தான் முதன்முதலில் ஏறியது. பலகை கொண்டுவந்த ஆய்வாளரிடம், நல்லெண்ணத்தில், "எங்க அண்ணி வீட்லயும் ஒரு படம் இருக்கு சார்" என்றாள்.

மறுநாளே ஆய்வாளர் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம்.

"இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும் சார்."

"காரணம்?"

"பார்த்தா சிரிப்பு வருது."

"அது விளைவும்மா. நான் கேட்டது காரணம். படிவத்துல நாலு இருக்கு. பரம்பரைச் சொத்து, கிடைக்காத பொருள், விருந்தாளிங்க பாராட்டினாங்க, அடுத்த வீட்ல இருக்கு. இதுல எது?"

"அடுத்த வீட்ல இல்லையே சார்."

"அதுதான் சிக்கல். அடுத்த வீட்ல இல்லாததை ஒருத்தர் எப்படி விரும்ப முடியும்?"

சொல்லிக்கொண்டே படத்தின் நீள அகலத்தை அளந்தார். உள்ளடக்கம் என்ற கட்டத்தில் 'ஆடு ஒன்று, சட்டை ஒன்று' என்று எழுதினார். கால்கள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இருமுறை எண்ணினார். சாட்சிக்குக் கணவரையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்.

"அஞ்சு சார்" என்றார் கணவர்.

"அஞ்சாவதுக்கு அனுமதி இருக்கா?"

"கால்தானே சார்?" என்றாள் டோக்கனக்கா.

"மாடியில ஒரு ரூம் கூடுதலாக் கட்டினாலே இடிக்கறோம். காலை மட்டும் விட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

மூன்றாம் நாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'அனுமதியின்றி எழுப்பப்பட்ட கூடுதல் கால் தொடர்பாக, ஆட்டின் தற்போதைய உரிமையாளர் நேரில் ஆஜராக வேண்டியது.'

விசாரணை விமரிசையாக நடந்தது. கால்நடை மருத்துவர் தமது இருபதாண்டு அனுபவத்தில் ஆட்டுக்கு நான்கு கால்தான் என்று ஆணித்தரமாகச் சொன்னார். அந்த அளவில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது. ஆனால் ஐந்தில் எது கூடுதல்?

"நடுவுல இருக்கறதை எடுத்துடலாம்" என்றார் ஆய்வாளர்.

"எடுக்கக் கூடாது. பாரம் பூரா அது மேலதான் நிக்குது, ஆடு சரிஞ்சிடும்" என்றார் கட்டடப் பிரிவுப் பொறியாளர்.

"அப்ப ஓரத்துல இருக்கறது?"

"அதுவும் நல்ல ஆரோக்கியமான கால்தான் சார்" என்றார் கால்நடை மருத்துவர். ஒரு நல்ல காலை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட அவர் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நான்கு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகப் பெயின்டர் நேரில் சென்று, தமக்குத் தோன்றும் காலை, கைவசம் மிச்சமிருக்கும் பச்சைப் பெயின்டால் மறைத்துவிட வேண்டும்.

அன்றைக்கு டோக்கனக்காவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நாலு காலோடு தெருவெல்லாம் ஆடு நிற்கிறது, அதற்கு எதற்கு வீட்டில் ஒரு படம்? "விடு, வேற படம் வாங்கிக்கலாம்" என்று சமாதானம் சொல்ல வந்த கணவர், ஆட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவள், விசாரணையில் கையில் கொடுத்தனுப்பிய விதிமுறைப் புத்தகத்தை மருத்துவமனைக்கே எடுத்துப் போனாள். ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில் முதல் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதினான்காம் எண்ணைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் அவள் கூப்பிடவில்லை. 'விரும்பி வைத்திருக்கும்' என்கிற இரண்டு சொல்லில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளரும் பெயின்டரும் வந்தார்கள். பெயின்டர் டப்பாவைத் திறந்து, எந்தக் கால் என்று தலையைச் சொறிந்தார்.

"சார், இந்தப் படம் எனக்குப் பிடிக்கல" என்றாள் டோக்கனக்கா.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "போன தடவை ரொம்பப் பிடிக்கும்னீங்க?"

"பிடிச்சது. நீங்க வந்துட்டுப் போனப்புறம் வெறுத்துப் போச்சு. விரும்பி வெச்சிருக்கறதுதானே உங்க பிரிவுல வரும்? இதை நான் விரும்பாம வெச்சிருக்கேன்."

"விரும்பாததை எதுக்கும்மா வீட்ல வெச்சிருக்கணும்?"

"உங்க வீட்ல இருக்கறதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சதுதானா சார்?"

ஆய்வாளர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். பெயின்டர் தன் வீட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"வாய்ச் சொல்லை மட்டும் ஏத்துக்க முடியாது. சோதனை பண்ணணும்" என்றார் ஆய்வாளர் கடைசியில். "நீங்க அஞ்சு நிமிஷம் கண்ணெடுக்காம படத்தைப் பார்க்கணும். முகத்துல துளி மகிழ்ச்சி தெரிஞ்சாலும் அவர் பிரஷ்ஷை வெச்சிடுவார்."

பெயின்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு ஓரக் காலருகில் நின்றார். கணவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

முதல் நிமிஷம் சமாளித்தாள். இரண்டாவது நிமிஷத்தில் ஆடு சட்டைக் காலரைச் சுவைக்கிற அழகு கண்ணில் பட்டது. வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டு எழுந்து தொண்டைக்கு வந்தது. இனி அவ்வளவுதான் என்று தோன்றியபோது, பதினேழு வருஷ உத்தியோகம் கைகொடுத்தது. அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் பாதி மூடிக்கொண்டது. கடைவாய்ப் பல்லில் குச்சியை விட்டுக் குடையும்போது வருகிற முகம் அப்படியே வந்து உட்கார்ந்தது. இத்தனை வெறுப்பை எந்த மனித முகத்திலும் ஆய்வாளர் பார்த்ததில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது என்று அவரும் படத்தைத் திரும்பிப் பார்த்தார். இதுவரை அவர் ஆட்டின் காலை எண்ணியிருக்கிறாரே தவிர, முகத்தைப் பார்த்ததில்லை. ஆட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஆட்டைப் பார்த்தார். 'புர்ர்' என்று ஒரு சத்தம் அந்த மடிப்புக் கலையாத முகத்திலிருந்து வெளியே வந்துவிட்டது.

"சார், உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார் பெயின்டர்.

"இருமல்யா" என்றார் ஆய்வாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் சுத்தமாப் பிடிக்கல." கோப்பில் எழுதினார்: 'உரிமையாளர் படத்தை மனமார வெறுக்கிறார். ஆய்வாளரும் உடன்படுகிறார். ஐந்து கால்களும் பிரிவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை.'

இந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. மறுநாள் நகராட்சி வாசலில், தங்கள் வீட்டுப் பழம்பொருட்களைப் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நாத்தனார் பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'இவ்வில்லத்தில் எதுவும் பிடித்தமில்லை' என்று புதுப் பலகை மாட்டினாள். "என் ரேடியோவைப் பாருங்க அண்ணி, சகிக்கவே முடியல" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். "எனக்கும் குமட்டுது" என்று டோக்கனக்கா மனதாரப் பாராட்டினாள். கல்யாணமாகிற பெண்களுக்குச் சிநேகிதிகள் 'உனக்குப் பிடிக்காமல் போகட்டும்' என்று எழுதிப் பரிசு கொடுத்தார்கள். 'இவ்வாண்டு நகரில் எவருக்கும் எதுவும் பிடிக்கவில்லை. பிரிவு தன் இலக்கை எட்டிவிட்டது' என்று ஆண்டறிக்கை அறிவித்தது. அதைப் பாராட்டிப் பிரிவுக்கு இன்னொரு அறை கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கையில் கோப்பு இல்லாமல் ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார்.

"வேலையா வரலம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "கொஞ்ச நேரம் இந்தப் படத்தைப் பிடிக்காம இருந்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தாராளமா இருங்க சார்" என்று டோக்கனக்கா நாற்காலியை ஆட்டுக்கு நேராக இழுத்துப் போட்டாள். அவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன. பிறகு எழுந்து, சட்டையை நீவி, முகத்தையும் சரிசெய்துகொண்டு வாசல் வரை போனவர், குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஒரு சங்கடமான விசாரணை இருக்கு. மூணாவது தெருவுல புதுசா ஒருத்தர் குடிவந்திருக்காராம். தன் வீட்டுப் படம் தனக்குப் பிடிச்சிருக்குன்னு வாசல்லயே நின்னு எல்லார்கிட்டயும் சத்தமா சொல்றாராம்."

டோக்கனக்காவுக்கு உண்மையிலேயே உடம்பு கூசிப் போயிற்று.

"ஐயையோ! குழந்தைங்க போயிட்டு வர்ற தெருவாச்சே சார்!"