அம்மன் தேரை நிறுத்திய கவுன்சிலர்

பேரூராட்சிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார் என்றால், அவருக்கு விஷயம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் மைக்கை இவர் பக்கம் தள்ளியிருப்பார், அவ்வளவுதான். நான் இதை அடித்துச் சொல்லலாம். அப்படி எழுந்து நின்று பேசியவன் நானே.

பூந்தமல்லியைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். எனக்கு அங்கே ஒரு மாவு மில் இருக்கிறது. படிப்பு ஒன்பதாவது. காலையில் எல்லையம்மன் கோயிலில் ஒரு சூடம் கொளுத்தாமல் மில்லின் சுவிட்சைத் தொடமாட்டேன். என் வார்டு ஜனங்கள் ஓட்டுப் போட்டு என்னைக் கவுன்சிலர் ஆக்கியதும் அந்த அம்மன் தயவுதான். (அரைத்த மாவில் ஒருநாளும் எடை குறைந்ததில்லை என்பதும் ஒரு காரணம் என்று என் மனைவி கஸ்தூரி சொல்வாள்.)

பக்கத்து வார்டு கவுன்சிலர் மல்லிகா. தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. எட்டாவது வரை படித்தவர். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அனுப்புகிற அஜெண்டாவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படிக்கிற ஒரே மெம்பர் அவர்தான். நாங்கள் மற்றவர்கள் அஜெண்டாவை விசிறியாக வைத்திருப்போம்.

அவர் வார்டில் இருப்பது ஏரிக்கரைத் தெரு. அந்தத் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் ஊரார் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது பிள்ளைகள் எல்லாம் கம்பெனி, டெலிவரி, ஆஸ்பத்திரி வேலை. ஆடி மாதத் தேர் மட்டும் அந்தத் தெருவுக்குள் போனதே இல்லை. கேட்டால், "ரோடு சரியில்ல, சக்கரம் எறங்கிடும்" என்பார்கள். வேறு காரணம் இருந்ததா என்று நாங்கள் யாரும் உரக்கக் கேட்டுக்கொண்டதில்லை.

மல்லிகாவும் உரக்கக் கேட்கவில்லை. ரோடு கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். தலைவர் சலித்துக்கொண்டார், அதிகாரி சலித்துக்கொண்டார், நானே "ஒரே பாட்டா பாடிகினு கீறியேம்மா" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். இரண்டு வருஷம் கழித்துச் சிமெண்ட் ரோடு வந்தது, தேர் போகிற அகலத்துக்கு. விழாக் கமிட்டிக்குச் சொல்ல வேறு காரணம் இல்லை. அந்த வருஷம் தேர் ஏரிக்கரைத் தெருவுக்கும் போகும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

புது ரோடு வழுவழு என்று இருந்ததால் ஷிப்டுக்குப் போகிற பைக்குகள் அதில் பறந்தன. அந்தத் தெருமுனையில்தான் என் மில். ஒருநாள் கேழ்வரகு மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினேன். ஒரு பைக் உரசியது. டின் என் தலைமேல் கவிழ்ந்தது. பல்லிடுக்கு முதற்கொண்டு கேழ்வரகு. கோயிலிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னை யாரோ வேண்டுதல்காரர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே சபதம் போட்டேன். அடுத்த கூட்டத்தில் வேகத்தடைக்குத் தீர்மானம் வந்தது. நான் எழுந்து பேசினேன். குழந்தைகளின் உயிர், தாய்மார்களின் கண்ணீர் எல்லாம் பேசினேன். (கேழ்வரகைப் பற்றிப் பேசவில்லை.) எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மல்லிகா மட்டும் அஜெண்டாவில் விரலை வைத்தபடி கேட்டார்:

"அண்ணாத்தே, எல்லாம் சரி. ஒசரம் எவ்ளோ?"

"இன்னாம்மா ஒசரம்?"

"ஸ்பீட் பிரேக்கர் ஒசரம். இதுல போடலியே."

"பைக்கு நிக்கணும். அதான் ஒசரம்" என்றேன். சபை சிரித்தது. எனக்கு அன்று இரண்டு அங்குலம் நெஞ்சு ஏறியது. மல்லிகா சிரிக்கவில்லை. "அப்போ கவுன்சிலர் முன்னால நின்னு அளவு சொல்லுவாருன்னு எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதுவும் மரியாதையாகவே பட்டது.

தடை போடுகிற அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேஸ்திரி ஒரு மட்டத்தில் நிறுத்தி, "போதும் சார்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

"ஆட்டோ அடி தட்டும் சார்."

"தட்டட்டும். தட்டுனாத்தான் புத்தி வரும்."

காய்ந்த பிறகு அது வேகத்தடை மாதிரி இல்லை. ஏரிக்கரையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது. நான் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தேன். தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மன் அப்போதே சிரித்திருப்பாள்.

ஆடித் தேர் அன்று சாயங்காலம் நாலு மணி. பூசாரி எனக்குப் பரிவட்டம் கட்டினார். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் பரிவட்டம். தேர்வடம் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் நான் நடந்தேன். எங்கள் தேர் சின்னதுதான். ஆனால் சக்கரம் குட்டை, இரும்புப் பட்டை போட்டது. பின்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஜெனரேட்டர். ஏரிக்கரைத் தெரு முழுக்க வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வீட்டுக்கு வீடு கூழும் தேங்காய் பழத் தட்டுமாகக் காத்திருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் மல்லிகா, ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, புதுப் புடவையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பெருமையாகக் கும்பிட்டேன். அந்த நிமிஷம்தான் பின்னால் டங் என்று ஒரு சத்தம்.

தேர் நின்றுவிட்டது.

"இழு மாமே, இழு" என்று பையன்கள் கத்தினார்கள். இழுத்தார்கள். முன்சக்கரம் மேட்டில் முட்டியது, அம்மன் முன்னால் சாய, பூசாரி அம்மனைக் கட்டிக்கொண்டார். "நிறுத்துங்கடா" என்றார் உள்ளேயிருந்து, மந்திரத்தை நிறுத்திவிட்டு.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், மேட்ட உடைக்கணும், ஆள் அனுப்புங்க."

"எந்த மேடு சார்?"

"நான் போட்ட மேடு."

"அது தீர்மானம் போட்டு வச்சது சார். எடுக்கணும்னா இன்னொரு தீர்மானம் வேணும். வர்ற கூட்டத்துல வச்சிரலாமா?" என்றார், மிகவும் பணிவாக.

அப்போது விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இத்தோட வலப்பக்கம் திருப்பிக்கலாம் நைனா. பழைய வழி கீதே. அந்தத் தெருவுக்குப் போக அம்மனுக்கே இஷ்டம் இல்ல போல."

கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

நான் இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் அந்த வார்த்தை இனித்தது. அம்மன் இஷ்டம் என்றால் மேடு யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். தினமும் சூடம் கொளுத்துகிறவன், என் தப்பை அவள் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். தலையாட்டக்கூட ஆரம்பித்தேன், பரிவட்டம் கண்ணை மறைத்ததால் பாதியில் நின்றது. அதைச் சரி செய்து நிமிர்ந்தால், எதிரே மல்லிகா.

அவர் கோபப்படவில்லை. கமிட்டிக்காரரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் கேட்ட அதே குரலில் என்னிடம் கேட்டார்:

"ஒசரம் எவ்ளோ, அண்ணாத்தே?"

அவருக்குப் பின்னால் அந்தத் தெரு முழுக்கத் தட்டோடு நின்றது. கற்பூரம் ஏற்றலாமா, வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரு சாண்" என்றேன். பிறகு, "ஒரு சாணுக்கு மேலயே இருக்கும்."

"அம்மனா சொன்னா அந்த அளவு?"

"இல்லம்மா. நான்தான் சொன்னேன். மேஸ்திரி வேணாம்னாரு. நான்தான் ஏத்தச் சொன்னேன்." திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னேன்: "அம்மனுக்கு இஷ்டம் இல்லாம இல்ல. இது என் கொழுப்பு."

கூட்டத்திலிருந்து கஸ்தூரி, "இன்னிக்காவது ஒத்துக்கினாரே" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கமிட்டிக்காரர் உட்பட.

"சரி, உடைக்க வாணாம்" என்றார் மல்லிகா. "ஏத்தி எறக்கிக்கலாம்." அதற்குள் அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். தெருமுனையில் பாதி கட்டிய வீடு. ஐடி வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து வந்த தம்பி கட்டுவது. வாசலில் எம்-சாண்ட் மணல் மலை, சுவரோரம் சென்ட்ரிங் பலகை. "தம்பி, எடுத்துக்கலாமா?" "எடுங்கக்கா, நானும் வர்றேன்." கூழை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, காலி அன்னக்கூடைகளோடு ஏரிக்கரைத் தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எந்தக் கூடை எங்கே, சரிவு எவ்வளவு நீளம், பலகை எந்தப் பக்கம் என்று மல்லிகா காலால் கோடு போட்டுச் சொன்னார். பத்து வருஷம் ஷிப்டில் நின்ற கண். ஒரு நூல் தவறவில்லை. நானும் மணல் சுமந்தேன். பரிவட்டத்தைக் கழற்றத் தோன்றவில்லை. அதையே சும்மாடாக்கி அதன்மேல் கூடையை வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம். "ஓம் சக்தி" என்று ஒரே குரல். தேர் ஏறியது, ஒரு நொடி மேட்டின் உச்சியில் நின்றது, மெதுவாக இறங்கி ஏரிக்கரைத் தெருவுக்குள் போனது.

முதல் வாசலில் கற்பூரம் ஏற்றும்போது மல்லிகா அழுதார். நானும் அழுதேன். (கண்ணில் மணல் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.)

அடுத்த கூட்டத்தில் மேட்டைக் குறைக்க நானே தீர்மானம் கொண்டுவந்தேன். மல்லிகா வழிமொழிந்தார். "நான் அப்பவே கேட்டேன்" என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற மரியாதையில் பாதி அதற்காகத்தான். இப்போது நானும் அஜெண்டாவை விரல் வைத்துப் படிக்கிறேன். சட்டைப் பையில் அளக்கிற டேப் ஒன்று இருக்கிறது. ஒரு வரியில் நாம் விட்டுவிடுகிற ஓர் அளவு, போய் யார் வாசலை மறைக்கும் என்று நமக்குத் தெரியாது.

மேடு குறைந்துவிட்டாலும் ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தைக் 'கவுன்சிலர் மேடு' என்றே சொல்லி இறக்கிவிடுகிறார்கள். வீட்டிலும் தப்ப முடியவில்லை. பிரிட்ஜ் வாங்கலாம் என்றாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வந்து பெருமை பேசினாலும், கஸ்தூரி கேட்பது ஒரே கேள்வி: "ஒசரம் எவ்ளோ?"

போன ஆடியில் தேர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. தடங்கல் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் நிறுத்திச் சூடம் காட்டுகிறார்கள். புதிதாக பிளாட்டுக்குக் குடிவந்த ஒரு பெண் பக்தியோடு என்னிடம் விளக்கினாள்: "அங்கிள், இந்த இடத்துல அம்மன் நின்னு, அந்தத் தெரு ஜனங்களப் பாத்துட்டுத்தான் உள்ள போவாங்களாம். ரொம்பப் பழைய ஐதீகமாம்."

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப ரொம்பப் பழசு."

பின்னாலிருந்து கஸ்தூரி மெல்லக் கேட்டாள்: "எவ்ளோ பழசு?"

மல்லிகா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார்.