பசை போடாத கடிதம்

இருபத்திரண்டு வருஷமாக வேலாயுதம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறார். ஓர் உறையையும் பிரித்ததில்லை. கிள்ளான் கடிதம் கிள்ளான் பையில், செலாயாங் கடிதம் செலாயாங் பையில். வேலைக்குப் புதிதாக யாராவது வந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அடுத்தவன் கடுதாசிய பிரிக்கிறவன் அடுத்தவன் சட்டைப் பையில கைய விடறவன், தெரிஞ்சுக்க" என்று கோயில் ஸ்பீக்கர் கணக்காக முழங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் 1997இல் ஒரு புதன்கிழமை மத்தியானம், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், சொந்த மனைவியின் கடிதங்களைப் படித்தே தீருவது என்று மகா முடிவு எடுத்தார்.

காரணம் இருந்தது. புஷ்பவல்லி பேசாமல் இருந்தாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் பிஜே என்கிற பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சாயங்காலம் பாடம் நடத்த அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயே படித்து முதலாவதாகத் தேறியவள். கணவரிடம் கேட்டாள். அவர் பேப்பரைப் படபடவென்று புரட்டினார். அந்த வீட்டில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். அவள் அழவில்லை, பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை. தினமும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கிள்ளானில் இருக்கும் அக்கா சந்திரகலாவுக்கு டக டக டகவென்று மின்னஞ்சல் தட்டினாள். சத்தம் போடும் மனைவியைச் சமாளிக்க வேலாயுதத்துக்குத் தெரியும். தட்டும் மனைவியை?

மனசாட்சி ஒரு தடவை இருமியது. அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். உறை இல்லை, ஸ்டாம்ப் இல்லை, பசை இல்லை. பசை போடாதது எப்படிக் கடிதமாகும்?

புஷ்பவல்லி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும் மோடத்தைப் போட்டார். அது கீச்சென்று கத்தி, கர்ரென்று தொண்டையைச் செருமி, டெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டது. பாஸ்வேர்ட் கேட்டது. முருகன் பெயரைப் போட்டார். இல்லை. மாமியார் பெயர், மச்சினி பெயர், செத்துப்போன பூனையின் பெயர். ம்ஹூம். கடைசியில், போனால் போகிறதென்று தன் பெயரையே தட்டினார். திறந்துகொண்டது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் 'ஏங்க', 'இந்தாங்க' தவிர அவள் வாயில் அவர் பெயர் வந்ததில்லை. சொல்லத்தான் கூடாது, தட்டலாம் போலிருக்கிறது. அந்த ஈரத்தோடு அன்றிலிருந்து தினமும் அவள் கடிதங்களை ஒன்று விடாமல் படித்தார்.

முதல் வாரம் மசாலாத் தூளும் சேலை நிறமுமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அகப்பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ்:

"அக்கா, அந்த வேலை எனக்கு வேண்டவே வேணாம். ஆனா நாளைக்கு மறுபடி கேட்கப் போறேன். இவர் மாட்டேன்னுவார். நான் ரெண்டு நாள் பட்டினி கிடப்பேன். இவர் இறங்கி வருவார். அப்ப, வேலைக்குப் பதிலா அம்மாவ செமினியிலேருந்து கூட்டிட்டு வந்து ஆறு மாசம் வெச்சுக்கிறேன்னு கேட்டு வாங்கிடுவேன்."

வேலாயுதம் அதை இன்னொரு தடவை படித்தார். மாமியார் நல்லம்மாள் போன தீபாவளிக்கு இரண்டே வாரம் வந்திருந்தார். "மாப்ள, பல்லு அப்படியா வெளக்குவாங்க? மாப்ள, செருப்ப எடது கால்லயா மொதல்ல போடுவாங்க?" என்று அவர் திருத்திய திருத்தில், மனிதர் ஆபீஸ் போய்த்தான் மூச்சு விட்டார். ஆறு மாதமா?

மறுநாள் புஷ்பவல்லி வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த பிஜே வேலை..."

"போ லா."

"என்னது?"

"போன்னு சொல்றேன். யாரு வேணாம்னா?"

அவள் முகம் விழுந்ததைப் பார்க்க அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "இல்லங்க, சாயங்காலம் சமையல்..." என்று இழுத்தாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் யோசிக்க மறுத்துவிட்டார்.

அடுத்த கடிதம்: "அக்கா, திட்டம் போச்சு. மினி பஸ் நெரிசல்ல போக முடியாதுன்னு சொல்லிப் பார்க்கிறேன்." மறுநாள் காலை அவளுக்கென்றே புது ஹெல்மெட் வந்து இறங்கியது. கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் தன் பொறுப்பு என்றார். அதற்கடுத்தது: "ஒரே வழிதான் பாக்கி. இவருக்கு ரைஸ் குக்கர் எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது. சோறு பொங்க அம்மா வந்தே ஆகணும்னு சொல்லிடுவேன்." மூன்றே நாளில் வேலாயுதம் சோறு, ரசம், பருப்பு மூன்றும் கற்றுக்கொண்டார். புஷ்பவல்லி பக்கத்தில் நின்று, வேண்டாவெறுப்பாகத்தான், சொல்லிக் கொடுத்தாள்.

நடுவில் ஒரு நாள் காலை அவள் பேப்பரை உரக்கப் படித்தாள். அடுத்தவர் கம்ப்யூட்டர் விஷயத்தை அனுமதியில்லாமல் திறந்தால் குற்றமென்று நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுவிட்டார்களாம். வேலாயுதத்துக்குப் புரையேறியது. "உங்க தபாலாபீஸ் சட்டம் மாதிரியேதாங்க" என்று தலையில் தட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. கொண்டுபோய் விட்டார். மஞ்சள் சேலையில் படியேறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தோற்றவள் இப்படிச் சிரிப்பாளா என்று தோன்றியது. ஆனாலும் அந்தச் சிரிப்பு வீடு வரை அவரோடு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே உட்கார்ந்து வந்தது. என் பெண்டாட்டி டீச்சர் என்று மூன்று சிக்னலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

அடுப்பில் பருப்பை ஏற்றினார். வேகட்டும், அதற்குள் அவளுடைய அடுத்த சதி என்னவென்று பார்த்துவிடலாம் என்று மோடத்தைப் போட்டார்.

பழைய கடிதங்களைத் திரும்பப் படித்து அரை மணி நேரம் ரசித்தார். அப்போது புதிதாக ஒரே ஒரு கடிதம் வந்து விழுந்தது. அவளே தன் முகவரிக்கு, இப்போதுதான் அனுப்பியது.

"ஏங்க, பருப்பப் பாத்துக்குங்கன்னு சொல்ல இங்கேருந்து மூணு தடவ போன் பண்ணினேன். லைன் எங்கேஜ். வீட்டு லைன் எங்கேஜ்னா நீங்க எங்க இருப்பீங்கன்னு தெரியாதா. அதான் இங்கயே எழுதறேன். மொத வாரமே தெரியும். அக்கா எழுதினத நான் தொடறதுக்கு முன்னாடியே படிச்சாச்சுன்னு காட்டுச்சு. அம்மா வரல, பயப்படாதீங்க. போன தீபாவளிக்கு இங்க வந்து ரெண்டு வாரமும் தூக்கமே வரல, இனிமே செமினி வீட்ட விட்டு ஒரு ராத்திரி கூட வெளிய தங்க மாட்டாங்க. இன்னைக்கு கிளாஸ்ல இருபது பேரு. எனக்குக் கை நடுங்கல. ஞாயித்துக்கெழமை உங்களுக்கும் ஒரு முகவரி தெறந்து தரேன். பாஸ்வேர்ட் போடும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். இப்ப எழுந்து அடுப்படிக்குப் போங்க. பருப்பு தீஞ்சிருக்கும்."

வேலாயுதம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

தீய்ந்திருந்தது.