நாற்காலி சரின்னு சொல்லணும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சௌக்கியம். அங்கு சௌக்கியம் இல்லாவிட்டாலும் சௌக்கியம் என்றே பதில் போடவும். உங்கள் அக்கா அழ ஆரம்பித்தால் எனக்குக் காபி வராது.

விஷயம் என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் நம் வீட்டில் தங்கியிருக்கிறாள். மாணவர் பரிமாற்றமாம். நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி அங்கே, பதிலுக்கு இவ இங்கே. பேரு என் வாயில நுழையல. துறுதுறுன்னு பறக்கறதால தும்பின்னு கூப்பிடறோம். என் ஜோக்குக்கு இந்த வீட்டுல சிரிக்கிற ஒரே ஆளு அவதான். அகராதியைப் பார்த்துட்டு மறுநாள்தான் சிரிப்பா, இருந்தாலும் சிரிப்பா. வந்த அன்னிக்கே, "தாத்தா, உங்கள் வீட்டு வழக்கங்களை எனக்குக் கூறுங்கள்"னு புஸ்தகத் தமிழ்ல கேட்டா. நான் எதைச் சொல்றது? நம்ம ஊரே கப்பல்ல வந்தவன், ரயில்ல வந்தவன், வழி தப்பி வந்தவன்னு கலந்து கட்டினது. என் பக்கம் ஒண்ணு, உங்க பக்கம் ஒண்ணு, மருமகளோட அப்பா வழி ஒண்ணு, அம்மா வழி இன்னொண்ணு. என் நாக்கு சும்மா இருக்குமா? "இங்கே நாற்காலிகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் உட்காருவோம்மா. மரமா நின்னே பழகினது பாரு, திடுதிப்புன்னு மேல உட்கார்ந்தா பயந்துடும்"னு எடுத்து விட்டேன். அவ உடனே குனிஞ்சு, "நாற்காலி அவர்களே, நான் அமரலாமா?"ன்னா. நான் துண்டை வாயில அடைச்சுக்கிட்டேன்.

மறுநாள் சிரிப்பான்னு காத்திருந்தேன். சிரிக்கல. அதுக்குள்ள உங்க அக்கா, அது மருமக பக்கத்து வழக்கம் போலிருக்குன்னு மரியாதைக்குத் தானும் கேக்க ஆரம்பிச்சுட்டா. மருமக, அது மாமியார் பக்கத்து வழக்கம்னு நினைச்சுக் கேக்கறா. யாருதுன்னு விசாரிச்சா மனசு புண்படுமாம், அதனால ரெண்டு பேரும் விசாரிக்கல! மாடியில குடியிருக்கிற தையல்காரர் பார்த்துட்டு அவரும் ஆரம்பிச்சார். அவர்கிட்டத் துணி தைக்க வந்தவங்க தெருவுக்கே கொண்டு போயிட்டாங்க. முடி வெட்டறவர் என்னைப் பிடிச்சுக்கிட்டு, "பெரியவரே, என் நாற்காலி சுத்துறது. எந்தப் பக்கம் நின்னு கேக்கறதுன்னு ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க"ங்கறார். பல் டாக்டர்கிட்டப் போறவங்க, "நாற்காலி வேண்டாம்னுடுச்சு டாக்டர்"னு சந்தோஷமா வீட்டுக்குத் திரும்பிடறாங்களாம். நானே என் சொந்த ஈஸிசேர்கிட்டக் கெஞ்சிக்கிட்டிருக்கேன்.

இப்போ வினை என்னன்னா, பரிமாற்ற ஆபீஸ் அம்மா வந்து, "இது யார் வழி வழக்கம்? பொய்யா எதையாவது சொல்லிக் கொடுத்திருந்தா பொண்ணை வேற வீட்டுக்கு மாத்திடுவோம்"னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை திரும்பி வர்றாங்க. தும்பி மூஞ்சி சுருங்கிப் போச்சு. உங்க அக்கா சாப்பிடல. என் ஜோக்குக்கும் வேற யாரு சிரிப்பாங்க? அதனால மச்சான், நீ உடனே கிளம்பி வந்து, "இது எங்க அப்பா வழி"ன்னு ஒரே ஒரு பொய் சொல்லு. பொய் வராதுங்காதே. போன தடவை என் தலையைப் பார்த்து, "அத்தான், முடி அப்படியே இருக்கே"ன்னு சொன்னியே, அதே மூஞ்சியை வச்சுக்கிட்டா போதும்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உன் மாமியாருக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
உன் அக்காவுக்கு வாய்த்தவன்

பின்குறிப்பு: வராதே. இதைத் தபால்ல போடறதுக்குள்ள அந்த அம்மா வந்துட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க அக்கா, "எங்க அப்பா வழி"ன்னா. "இல்லங்க அத்தை, எங்க அம்மா வழி"ன்னா மருமக. தையல்காரர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, "எங்க தாத்தா சொத்துங்க அது!"ன்னார். அந்த அம்மா மிரண்டு போய், ஊருக்கே பொதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. தும்பி இங்கேதான். சரி, இனிமே பயமில்லையேன்னு உங்க அக்காகிட்ட, "அது என் கற்பனைடி"ன்னு பெருமையாச் சொன்னேன். மருமக பக்கத்து வழக்கம்னு நினைச்சவ இப்போ, "எங்கப்பா நாற்காலிகிட்டக் கேட்டதை நான் கண்ணால பார்த்திருக்கேன். எங்க வீட்டுலருந்து சுட்டுட்டு வந்து கற்பனையா?"ன்னு பேச்சையே நிறுத்திட்டா. மச்சான், உங்கப்பா நிஜமாவே கேட்டாரா? கேட்டிருந்தாலும் இல்லைன்னே எழுது. நான் விட்ட பொய்யிலேயே பெரிய பொய் உண்மையாப் போச்சுன்னா, எந்த மூஞ்சியோட நான் தெருவுல நடக்கறது?