பைலட் காணாமல் போன லெட்டர்பேடு

அச்சடித்த காகிதம் எதையுமே நம்பாத ஒரு மனிதர், மதுரை மேல மாசி வீதியில் ஒரு பாத்திரக் கடை மாடியில், இருபத்தைந்து வருஷம் தபால் பிரித்துக் காலம் தள்ளினார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. இந்தப் பத்திரிகையை அவரிடம் காட்டினால் அவரும் நம்ப மாட்டார்.

ஆபீசில் அவருக்குப் பெயர் ‘அசலா’. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது அசலா?” என்பார். கரண்ட் பில்லுக்கும் அதே கேள்விதான், சினிமா டிக்கெட்டுக்கும் அதே கேள்விதான். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, முகூர்த்த நேரத்தைப் பஞ்சாங்கத்தில் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் “சரி மாப்ள, வாரேன்” என்று வாயைத் திறந்தார்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு விமானக் கம்பெனியில். உடனே ஏர்ஹோஸ்டஸ், டை, தொப்பி என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். பருத்திக் காட்டுக்கு மேலே தாழப் பறந்து புழுவுக்கு மருந்தடிக்கிற குட்டி விமானங்கள் அவை. தலைமை ஆபீஸ் பம்பாயில். மதுரைக் கிளையில் மானேஜர், அசலா, நான், ஒரு பியூன், ஆக நாலு பேர். விமானம் பருத்திக் காலத்தில் மட்டும் வரும். லெட்டர் வருஷம் பூரா வரும்.

லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அசலாவுக்கு அக்கறை கிடையாது. எந்த லெட்டர்பேடில் எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து ஒவ்வொரு மாடலிலும் ஒரு தாளை எடுத்துத் தனி ஃபைல் போட்டு வைத்திருந்தார். பழைய தாள் பார்க்கவே ஜோராக இருக்கும். உச்சியில் இரட்டை இறக்கை விமானம், அதன் கீழே மேகம், உள்ளே கண்ணாடி மாட்டிய பைலட், அவர் கழுத்துத் துணி காற்றில் பறக்கும். கம்பெனிப் பெயர் கொடி மாதிரி வளைந்து வளைந்து ஓடும். அடுத்து வந்த தாளில் விமானத்துக்கு ஒற்றை இறக்கை. பைலட்டைக் காணோம், மேகத்தையும் காணோம். எழுபதுகளின் நடுவில் விமானமே போய், அந்த இடத்தில் ஒரு பறவை உட்கார்ந்தது. கொஞ்ச வருஷத்தில் பறவையும் போய் மூன்று நீலக் கோடுகள் வந்தன.

“இதுதாம்ப்பா மாடர்ன் டிசைன்” என்றார் மானேஜர்.

அசலா அவர் போகிற வரைக்கும் காத்திருந்து என் காதருகே வந்தார். “மாடர்னாம்ல! பைலட் படத்தை எடுத்தான், அந்த வருசமே ரெண்டு பைலட்டை வீட்டுக்கு அனுப்பிச்சான். மேகத்தை எடுத்தான், இங்கிட்டு மழையே இல்ல. பிளேனை எடுத்தான், இப்பப் பறவையையும் எடுத்துப்புட்டான். மிச்சம் நாமதேன். பாத்து இருந்துக்க மாப்ள.”

மழைக்குக் கம்பெனி பொறுப்பில்லை அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

பம்பாயிலிருந்து டிரங்கால் போன் வந்தால் இன்னும் மோசம். “நீங்கள் பம்பாய்தான் என்று எப்படி நம்புவது? லெட்டர்பேடில் இடது ஓரம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்” என்று இங்கிலீஷில் மடக்குவார். அந்த ஆள் திணறுவதற்குள் மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விடும். “பாத்தியா, ஓடிட்டான்” என்று ரிசீவரை வைப்பார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு ஜோடி அகப்பட்டது. டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் பருத்தி போட்டிருந்த சம்சாரி ஒருவருக்கு, இன்ன தேதியில் விமானம் வரும் என்று லெட்டர் போட்டிருந்தோம். அதை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“அய்யா, இந்தக் கடுதாசி செல்லாதுங்க.”

“ஏன் செல்லாது?” என்றார் மானேஜர்.

“முன்னாடியெல்லாம் கடுதாசில பிளேன் இருந்துச்சு, பிளேனும் வந்துச்சு. நடுவுல குருவி போட்டீக, சரி போகட்டும்னு இருந்தேன். இப்ப வெறும் மூணு கோட்டைப் போட்டு அனுப்பியிருக்கீக. கோடா வந்து மருந்தடிக்கும்?”

மானேஜர் அசலாவைத் திரும்பிப் பார்த்தார். அசலா எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு, “உக்காருங்கண்ணே” என்றார். காபி வாங்கிவரப் பியூன் ஓடினான். இருவரும் அந்த மூன்று கோட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மறுநாளே அசலா டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார். பழைய இரட்டை இறக்கை விமானம், பைலட், கழுத்துத் துணி சகிதம். சம்சாரிகளுக்குப் போகிற லெட்டரில் எல்லாம் மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் ‘டக்’கென்று ஒரு குத்து. எழுமலை வரைக்கும் எல்லாருக்கும் திருப்தி. இது என்ன படம் என்று பம்பாயிலிருந்து விளக்கம் கேட்டார்கள். அசலா ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: “அசல்.”

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் சிரிப்பதை நிறுத்தினேன். எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. பஞ்சாபில் பட்டிண்டா. பத்து நாளில் போய்ச் சேராவிட்டால் வேலையிலிருந்து நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

என் மனைவி திருமங்கலத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எட்டு மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கு நான் ஆபீஸ் வேலையாகக் கேம்ப் போயிருந்தேன். “இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும், வேற எதுவும் எனக்கு வேணாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். போனால் அவளைத் தனியே விட வேண்டும். போகாவிட்டால் பிறக்கிற பிள்ளைக்கு வேலையில்லாத அப்பன்.

ஆர்டரைப் பிரித்த அசலா அதை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“கோடு பச்சையா இருக்கு. போன வாரம் வரைக்கும் நீலம். இது போலி.”

“கலரை மாத்தியிருப்பாங்கண்ணே.”

“மாத்துனா முன்கூட்டியே சர்க்குலர் வரணும்ல? வந்துச்சா?”

‘போலி ஆவணம் எனச் சந்தேகம், சரிபார்த்து அனுப்பவும்’ என்று எழுதி, ஆர்டரை அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் பம்பாய்க்குத் திருப்பிவிட்டார்.

“அண்ணே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுறாதீங்க!”

“கள்ள லெட்டரை நம்பி அம்புட்டுத் தூரம் போயி, அங்க எவனும் உன்னைத் தெரியாதுன்னா என்ன பண்ணுவ?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பத்து நாள் கழித்து, ஆர்டர் சரியானதுதான் என்று பதில் வந்தது. அதிலும் பச்சைக் கோடு. “கள்ள லெட்டருக்குக் கள்ள லெட்டரே சாட்சியா?” என்று அதையும் திருப்பினார். பிறகு தந்தி வந்தது. “இதுல கோடே இல்லையே” என்றார். மானேஜரிடம் ஓடினேன். “அந்தாளுகிட்ட யாருய்யா பேசுறது?” என்று அவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வேலை போய்விட்டது என்கிற கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஆளைப் பைத்தியம் என்றேன், குடிகேடன் என்றேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானம் திருமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து பெண் குழந்தையை என் கையில் கொடுத்தாள். நல்ல கனம். வீரிட்டு அழுதாள். உள்ளே என் மனைவி என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் பம்பாயிலிருந்து ஒரு அதிகாரியே நேரில் வந்து இறங்கினார். அசலா அவரிடம் அடையாள அட்டை கேட்டார். அட்டையிலும் பச்சைக் கோடு இருக்கவே உதட்டைப் பிதுக்கினார். அதிகாரி போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக் கடையில் வியாபாரம் நின்றது. பட்டிண்டா போய்ச் சேர எனக்குப் பதினைந்து நாள் கெடு கொடுத்தார். அசலாவுக்கு அங்கேயே மெமோ அடித்து நீட்டினார், பச்சைக் கோடு போட்ட தாளில்.

அசலா அதை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மாடிப்படியில் அவரை மறித்தேன். “அண்ணே, அப்ப அந்த ஆர்டரு...?”

“நல்ல ஆர்டருதேன் மாப்ள” என்றார். “லெட்டர் மேல எனக்குச் சந்தேகமில்ல. அனுப்புனவன் மேலதேன். புள்ளத்தாச்சியை விட்டுட்டு வாடான்னு எழுதுறானே, இவனெல்லாம் மனுசந்தானான்னு.” அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் டீக்கடைக்கு நடந்துவிட்டார்.

அந்த மெமோவினால் அவருக்குப் பிரமோஷன் கடைசி வரை வரவில்லை. தபால் பிரித்துக்கொண்டே ரிட்டயர் ஆனார். நான் என் மகளைப் பிறந்த அன்றைக்கே கையில் வாங்கினேன். அந்த ஒரு நாளை எனக்கு வாங்கிக் கொடுத்த மனுஷனைத்தான் ஐந்து வாரம் பைத்தியம் என்று திட்டியிருக்கிறேன்.