மீன்தொட்டி மோட்டாருக்கு ஓய்வு

மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து வைத்தது ஆறுச்சாமிக்கு ஞாபகம் வந்தது. அணைத்தது முந்தாநாள் காலையில்.

"முருகா!" என்றார்.

முருகனிடம் முறையிடுவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மொத்தப் பேரும் அப்போது முருகனிடம்தான் போயிருந்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, காளிச்சாமி குடும்பத்தோடு பழனிக்கு நடந்து போயிருந்தார். வீட்டுச் சாவியை ஆறுச்சாமியிடம் கொடுத்துவிட்டு.

கேரள எல்லையோரத்து வேலந்தாவளம் சுற்றுவட்டாரம் முழுக்க அன்று இதுதான் பேச்சு. சாவியைக் கொடுக்க வேறு ஆளா இல்லை? ஆறுச்சாமி நல்ல மனுஷர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் கைதான் சரியில்லை. கோயிலுக்கு வந்த மைக்செட்டைத் தொட்டுப் பார்த்தார். திருவிழா முடிகிறவரை அது வாய் திறக்கவில்லை. செங்கோட்டையன் வீட்டுக் காளைக்கு லாடம் அடிக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். காளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. போன மாசம் தன் கிணற்று மோட்டாரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். விடிந்து பார்த்தால் காயில் கருகி, மோட்டார் ரூமில் புகை.

அன்றிலிருந்து அவர் மிளகாய்த் தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. கிணறு பங்குக் கிணறு. அதே கிணற்றில் காளிச்சாமியின் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு பொழுது விட்டால் போதும், செடி பிழைத்துக்கொள்ளும். கேட்டதற்கு, "பழனிக்குப் போயிட்டு வந்து சொல்றேன் ஆறுச்சாமி" என்று மட்டும் சொல்லியிருந்தார் காளிச்சாமி.

"இது பரிச்சை, சரசு" என்றார் ஆறுச்சாமி தன் மனைவி சரஸ்வதியம்மாளிடம். "மீன் மோட்டாரை ஒழுங்காப் பாத்துக்கிட்டாத்தான் கெணத்து மோட்டாரைக் குடுப்பாரு."

மீன்தொட்டி காளிச்சாமியின் கோயமுத்தூர்ச் சம்பந்தி கொடுத்த சீர். மருமகளோடு பீரோ வந்தது, கட்டில் வந்தது, ரேடியோ வந்தது. கடைசியாக, ஊரில் யாரும் கண்டிராத அந்தக் கண்ணாடித் தொட்டியும் வந்தது. உள்ளே விரல் நீளத்தில் சிவப்பு மீன்கள். மூலையில் பஞ்சு அடைத்த பில்டர். அதற்குக் காற்று ஊத, வெளியே சோப்புப் பெட்டி அளவில் ஒரு மோட்டார். ராப்பகலாக அது வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். சம்பந்தி எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றியதும் தொட்டியைத்தான் பார்ப்பார். அதற்குப் பக்கத்திலேயே காளிச்சாமியின் கட்டில். மீன் மேல் அவ்வளவு பிரியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் காலை ஆறுச்சாமி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ஒரு தடவை காயில் கருகிய மனுஷனுக்கு மனசு கேட்குமா? "ஆறட்டும்" என்று அணைத்தார். ஆறுகிற நேரத்துக்குச் சந்தையை ஒரு எட்டுப் பார்த்து வரலாம் என்று போனவர், யாரோ ஒருவருடைய மாட்டுக்குப் பல்லைப் பார்த்துச் சொல்லப் போய், அங்கே வாய்த் தகராறாகி, அதைத் தீர்த்து வைக்கப் போய், மோட்டாரை மறந்தே போனார்.

இப்போது ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். பில்டர் ஒரு தடவை செருமியது. அப்புறம், பஞ்சுக்குள் இரண்டு நாளாக அழுகிக் கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தொட்டிக்குள் துப்பியது. தண்ணீர் பால்காப்பி நிறத்துக்கு வந்து, அப்படியே வரக்காப்பி ஆனது. பாதி மீன்கள் மல்லாந்தன.

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. காளிச்சாமியைப் பண்ணாடி என்று அழைத்து, அவர் மாட்டுச்சாளையில் வேலை செய்யும் பழனாத்தாள், சாணிக்கூடையோடு நின்றாள்.

"ஏனுங்க, எல்லாம் போயிருச்சுங்களா?"

"இல்ல இல்ல, பாதி நல்லா இருக்குது!"

"பாதிதானுங்களா?" என்று பெருமூச்சு விட்டாள். வாயில்லாச் சீவன் மேல் எவ்வளவு இரக்கம் என்று ஆறுச்சாமிக்குக் கண் கலங்கியது.

தண்ணீரை மாற்றினால் சரியாகும் என்று கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து, முக்காலி மேல் ஏறி நின்று, அருவி மாதிரி ஊற்றினார். கிணற்றுத் தண்ணீர் தை மாசக் குளிருக்குச் சில்லென்று இருந்தது. மிச்சமிருந்த மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முன்னால் போனவற்றோடு சேர்ந்துகொண்டன.

"மீனு போனாப் போச்சு, மோட்டாராச்சும் மிஞ்சோணும்" என்று பஞ்சை எடுத்துத் துவைகல்லில் அடித்துத் துவைத்தார். கையோடு மோட்டாரின் அழுக்கும் போகட்டும் என்று அதையும் வாளியில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். துடைத்து, பிளக்கைச் சொருகினார். "டப்" என்றது. வீட்டில் பியூஸ் போனது. மோட்டாரும் போனது.

சரஸ்வதியம்மாள் வந்து பார்த்தாள். வெறும் தொட்டியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொளகாயெல்லாம் செடியிலயே வத்தலாயிருச்சுன்னு நெனச்சுக்கலாமுங்க" என்றாள்.

அந்த வார்த்தை ஆறுச்சாமியைச் சுட்டது. துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் குட்டைக்குப் போனார். அங்கே விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே வந்து, மூச்சு வாங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. துண்டை விரித்து ஒரே அள்ளாக அள்ளினார். தாய் விரால் சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலில் ஒரு கடி.

கட்டுப் போட்ட விரலோடு தொட்டியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "பாரு, அதே செவப்பு."

"சம்பந்தி ஊட்டு மீனு விரல் நீளம் இருந்துதுங்க. இது ஒடிஞ்ச காராச்சேவாட்டம் இருக்குது."

"ஊட்டுக்காரங்களைக் காணாத ஏக்கத்துல இளைச்சுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

விரால் குஞ்சுக்கு பில்டரும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். தானே மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஜோராக இருந்தது.

பழனிக்குப் போனவர்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பி வந்தார்கள். ஆறுச்சாமி சாவியோடு வாசலில் நின்றார்.

காளிச்சாமி வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். காதைச் சாய்த்து உற்றுக் கேட்டார்.

"சத்தத்தையே காணமே ஆறுச்சாமி?" குரல் தழுதழுத்தது.

"மோட்டார் போயிருச்சுங்கண்ணா. என்னை மன்னிச்சுப்போடுங்க."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். காளிச்சாமி அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். மொட்டைத் தலைச் சந்தனம் ஆறுச்சாமியின் கன்னத்தில் ஒட்டியது.

"போனாப் போவுது உட்றா தம்பி. உன்ற மேல தப்பே இல்ல. நம்ம கெணத்து மோட்டாரு இருக்குதில்ல, அதை நீ..."

"ஏனுங்க, இங்க செத்த வாங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாத்தாளின் குரல் கேட்டது. "மீனெல்லாம் உசுரோட இருக்குது. முன்னைக்கு இப்ப நெறையா இருக்குது."

காளிச்சாமியின் கைகள் ஆறுச்சாமியின் தோளிலிருந்து நழுவின.

ஆறுச்சாமிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கண்டுபிடிக்கவில்லை! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

"மோட்டார் போனாலும் மீனை உட்றலீங்கண்ணா. கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். ஏக்கத்துல கொஞ்சம் இளைச்சுப்போச்சு, ஆனாக் குட்டி கூடப் போட்டிருக்குதுங்க!"

காளிச்சாமி கட்டிலில் உட்கார்ந்து தொட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"சம்பந்தி நாளன்னைக்கு வர்றாரு" என்றார் மெதுவாக. "மீனு இருந்தா, புது மோட்டார் வாங்கியாந்துருவாரு."

"பெருசாவே வாங்கியாருவாரு" என்றாள் கமலாத்தாள், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

"அண்ணா, கெணத்து மோட்டாரு விசயமா என்னமோ சொல்ல வந்தீங்க..."

"போப்பா" என்று காளிச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்றும் விளங்காமல் ஆறுச்சாமி மாட்டுச்சாளைப் பக்கமாக வந்தார். பழனாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, மீனைக் காப்பாத்திக் குடுத்தவன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசக்கூடாதா உன்ற பண்ணாடி?"

பழனாத்தாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த இரைச்சல்ல பண்ணாடி கண்ணசந்து வருசமாச்சுங்க; சம்பந்தி குடுத்த சீரைத் தூக்கி எறியவும் முடியாதுன்னுதான், உங்க கையில உட்டா மீனும் மோட்டாரும் தானாச் செத்துரும்னு ஊரெல்லாம் யோசிச்சுச் சாவியக் குடுத்துட்டுப் போனாங்க... அதையுமாங்க நீங்க கெடுக்கோணும்?"